எழுபத்தைந்து டெசிபலும் தாம்பரத்து ஹாலும்

2024 நவம்பர் 14 அன்று 'கங்குவா' வெளியானது. படம் பார்த்து வெளியே வந்தவர்கள் கதையோடு சேர்த்துச் சத்தத்தையும் குறை சொன்னார்கள். காது வலிக்கிறது, தலை வலிக்கிறது என்ற புகார் இரண்டே நாளில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. தியேட்டர்களில் வால்யூமை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா அறிவித்தார். ஆஸ்கர் பெற்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி, ஒலிக்கலைஞர்கள் சத்தப் போட்டிக்குள் தள்ளப்படுவதைப் பற்றிப் பொதுவெளியில் வருத்தத்தோடு எழுதினார்.

அந்த இரண்டு புள்ளி எவ்வளவு என்று பார்ப்போம். தியேட்டர்களில் இருக்கும் டால்பி ஒலிச் செயலியின் வால்யூம் எண்களில் 7 என்பதுதான் நிர்ணயிக்கப்பட்ட அளவு. 4க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் 3.3 டெசிபல் சொச்சம். 7லிருந்து 5க்கு இறக்கினால் ஏறக்குறைய 7 டெசிபல் போய்விடும். ஆம்ப்ளிஃபயர் தரும் மின்சக்தி ஐந்தில் ஒரு பங்காகிவிடும். சண்டைக்காட்சி காதுக்கு இதமாகும். ரகசியமாகப் பேசும் வசனமோ ஏசி இரைச்சலுக்குள் மூழ்கும். வசனம் கேட்கவில்லையென்று அடுத்த படத்தின் மிக்ஸிங்கில் எல்லாவற்றையும் இன்னும் ஏற்றுவார்கள். தியேட்டர்க்காரர் இன்னும் இறக்குவார். ஒலியளவுக்குப் பொதுவான ஓர் அளவுகோலை எல்லோரும் மதித்தால்தான் இந்தச் சுற்று நிற்கும்.

இதே சண்டை இப்போது வீட்டு ஹாலுக்கும் வந்துவிட்டது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் சேர்ந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருக்கி எழுந்துள்ள பகுதி இது. பெரிய டிவியும் ஓடிடி சந்தாவும் வந்தபின் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத ஆசையாக இல்லை. ஆனால் பெட்டியைப் பிரித்து, வயரை மாட்டி, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற இடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. எந்த ஸ்பீக்கர் எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும், அதை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி அந்த ஹாலில் எழுவதே இல்லை. சில வாரம் கழித்து, "பேசுறது கேக்கல, பாட்டு வந்தா வீடே அதிருது" என்ற புலம்பல் தொடங்குகிறது. ஸ்பீக்கர் சரியில்லை என்று முடிவு கட்டி அடுத்த மாடலைத் தேடுகிறார்கள். இந்தப் புலம்பல்களில் பெரும்பாலானவை அளவு சீராக்காததால் வருபவை என்பதே என் கருத்து.

அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1970களில் டால்பி நிறுவனத்தின் அயோன் ஆலனும் அவருடைய சகாக்களும் தியேட்டர்களை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றார்கள். மிக்ஸிங் தியேட்டரில் கேட்ட அதே அளவில் ஊர்த் தியேட்டரிலும் கேட்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். பிங்க் நாய்ஸ் என்ற, அடைமழை கொட்டுவதைப் போன்ற சீரான இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக ஓடவிட்டு, பார்வையாளர் இருக்கையில் மீட்டர் வைத்து, திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் காட்டும்படி திருத்துவார்கள். டிஜிட்டல் காலத்தில் அந்த இரைச்சல் உச்ச வரம்புக்கு 20 டெசிபல் கீழே பதியப்படுகிறது. ஆகவே ஒரு ஸ்பீக்கர் எட்டக்கூடிய உச்சம் 105 டெசிபல். வெடிச்சத்தத்துக்கென்று தனியாக இருக்கும் தாழ்சுருதித் தடத்துக்கு இன்னும் 10 டெசிபல் சலுகை. அங்கே உச்சம் 115.

வீட்டில் ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவர்களும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. 85 டெசிபல் இரைச்சலை வீட்டில் நிமிடக்கணக்கில் ஓடவிட்டால் யாரும் தாங்க மாட்டார்கள். அதனால் சோதனை இரைச்சலை மேலும் 10 டெசிபல் தாழ்த்திப் பதிந்து, இருக்கையில் 75 வரும்படி வைக்கச் சொல்கிறார்கள். அப்படி வைத்தபின் வால்யூம் 0 என்று காட்டும் இடமே சினிமா அளவு. திரையில் மைனஸ் 30, மைனஸ் 20 என்று ரிசீவர் காட்டுவதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு. சினிமா அளவிலிருந்து எத்தனை டெசிபல் கீழே இருக்கிறோம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

தமிழ் சினிமா இந்த ஒழுங்குக்குள் வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி முறையிலும் 1996இல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ் முறையிலும் வந்தன. 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' படங்களுக்காக நான்கு முறை தேசிய விருது பெற்ற எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளர்கள் சென்னையில் இருந்தபடியே அந்த முறைகளை வளர்த்தார்கள். 2012 டிசம்பரில் 'சிவாஜி' முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸில் வெளிவந்தது. அந்த முறையில் வந்த முதல் இந்தியப் படம் அதுதான். இந்த முறைகளில் வந்த படங்கள் சினிமா அளவில் வைத்து மிக்ஸ் செய்யப்பட்டவை. கேட்கிற இடம் மாறினால் அந்த அளவும் மாற வேண்டுமா என்பதுதான் நம் கேள்வியின் மையம்.

மாற வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தர அமைப்பான ஏடிஎஸ்சி 2009இல் வெளியிட்ட ஏ/85 என்ற பரிந்துரை இதைத் தெளிவாகவே சொல்கிறது. 20,000 கன அடிக்கு மேற்பட்ட அறைக்குத்தான் 85 டெசிபல். 10,000 கன அடியைத் தாண்டிய அறைக்கு 82, 5,000 தாண்டினால் 80, 1,500 தாண்டினால் 78, அதற்கும் சிறிய அறைக்கு 76. சிறிய அறையில் சுவர் அருகிலேயே இருப்பதால் எதிரொலிகள் உடனுக்குடன் காதுக்கு வந்து சேர்கின்றன. மீட்டர் ஒரே எண்ணைக் காட்டினாலும் தியேட்டரில் இதமாக இருந்த ஒலி அங்கே நெருக்கித் தள்ளுவதாகத் தோன்றும்.

நம் ஹாலை இதில் பொருத்திப் பார்க்கலாம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துப் பழைய தனி வீடுகளில் 12க்கு 15 அடி ஹால், 10 அடி உயரத்தில் கான்கிரீட் தளம் என்றால் 1,800 கன அடி. முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் 10க்கு 14 ஹால், அதே உயரம் என்றால் 1,400. அந்தப் பட்டியல்படி முதலாவதற்கு 78, இரண்டாவதற்கு 76. அதாவது 75 டெசிபலுக்கு முறைப்படி சீராக்கிய ரிசீவரில் வால்யூம் மைனஸ் 7 அல்லது மைனஸ் 9இல் இருந்தால், இந்த ஹால்களுக்கு அதுவே முழு அளவு. 0 வரை ஏற்றிக் கேட்பதைச் சாதனையாகச் சொல்லும் ரசிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த 9 டெசிபல் பணத்தையும் மிச்சப்படுத்துகிறது. கணக்கு இதுதான். 2.83 வோல்ட் கொடுத்தால், அதாவது 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். மூன்று மீட்டரில் இருப்பவருக்கு 78.5தான் வந்து சேரும். அங்கே 105 உச்சம் வேண்டுமென்றால் இன்னும் 26.5 டெசிபல் தேவை, அதாவது சுமார் 450 வாட். ஹாலின் சுவர்கள் கொஞ்சம் உதவும் என்றாலும் சாதாரண ரிசீவர் அந்தப் பக்கமே போகாது. அறைக்கு ஏற்றபடி உச்சத்தை 96 என்று வைத்தால் தேவை 56 வாட். நல்ல நடுத்தர ரிசீவர் இதைத் திணறாமல் தரும். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் பிஎம்பிஓ என்ற விளம்பர வாட்டுக்கும் இந்தக் கணக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி அளக்கும் வேலை. இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஐந்து ஸ்பீக்கரும் தங்களுக்குள் சமமாக ஒலிக்கின்றனவா என்பது ஒன்று. அந்தச் சமம் உண்மையிலேயே 75தானா என்பது மற்றொன்று. வீட்டில் பெரும் வித்தியாசத்தை உண்டாக்குவது முதலாவது. நம் ஹால்களில் சோபா நடுவில் அமைவது அபூர்வம். ஒரு பக்கம் பால்கனிக் கதவு, மறுபக்கம் பூஜை அலமாரி, சமையலறைக்குப் போகும் வழி என்று விட்டுவிட்டு, கிடைத்த மூலையில்தான் சோபா கிடக்கும். இடது சரவுண்ட் ஸ்பீக்கர் காதிலிருந்து 4 அடியிலும் வலதுபக்கத்து ஸ்பீக்கர் 7 அடியிலும் இருந்தால், தூரம் ஒன்றாலேயே இடது பக்கம் ஏறக்குறைய 5 டெசிபல் ஓங்கி ஒலிக்கும். மழைக்காட்சியில் வானமே இடது பக்கம் சாய்ந்துவிடும். வலது ஸ்பீக்கரை ஏற்றி இடதை இறக்கினால் சரியாகிவிடுகிற விஷயம் இது. ரிசீவரின் மெனுவில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி அளவு இருப்பதே இதற்காகத்தான். பக்கத்திலேயே இருக்கும் தூரக் கணக்கையும் டேப் வைத்து அளந்து பதிய வேண்டும். நம் வெக்கையில் ஒலி ஓர் அடியைக் கடக்க 0.9 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளும். ரிசீவர் அதற்கேற்ப அருகிலுள்ள ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தும்.

எந்த மீட்டரால் அளப்பது என்பதில் பிடிவாதமான கருத்துகள் உலவுகின்றன. ஒலிமானிகளுக்கு ஐஇசி 61672 என்ற சர்வதேசத் தரம் உண்டு. அதில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரிவு. அப்படிப்பட்ட மானியையும் தனியாக விட முடியாது. 1,000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபல், அதாவது ஒரு பாஸ்கல் அழுத்தம் தரும் சிறு கருவியை மைக்கின் மேல் செருகிச் சரிபார்ப்பார்கள். அந்தக் கருவியை வேறொரு ஆய்வகம் சரிபார்க்கும். சங்கிலியின் தலைமாட்டில் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. நம் பக்கத்திலேயே, வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் சாலையில், பள்ளிக்கரணை தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தில் நீருக்கடியில் ஒலி கேட்கும் ஹைட்ரோபோன்களை அளவு சரிபார்க்கும் கூடம் இயங்குகிறது. எதோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்காத மீட்டர் காட்டுவது வெறும் எண் என்ற உணர்வு அந்த வளாகத்தில் அன்றாட நடைமுறை.

வீட்டுக்கு அந்தச் சங்கிலி முழுவதும் வேண்டியதில்லை. கையிலிருக்கும் ஃபோன் போதுமா என்றால், பாதி வேலைக்குப் போதும். கர்டஸ், ஷா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் ஃபோன் செயலிகளைச் சோதித்தார்கள். ஐஃபோனில் சில செயலிகள் உண்மையான அளவுக்கு 2 டெசிபல் நெருக்கத்தில் காட்டின. ஆண்ட்ராய்டில் ஃபோனுக்கு ஃபோன் மைக் வேறுபடுவதால் ஒரே செயலி பல கதை சொன்னது. பின்னர் அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நையோஷ் தானே ஓர் இலவசச் செயலியை வெளியிட்டது, ஐஃபோனுக்கு மட்டும். ஆனால் ஸ்பீக்கர்களைத் தங்களுக்குள் சமமாக்க, எண் உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபோன் 6 டெசிபல் தவறாகக் காட்டினாலும் எல்லா ஸ்பீக்கருக்கும் அதே தவறைத்தான் செய்யும். ஐந்தும் ஒரே எண்ணைக் காட்டினால் ஐந்தும் சமம். ரிசீவரின் சோதனை இரைச்சல் பொதுவாக 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரைக்குள் அடங்கியது, ஃபோன் மைக் நன்றாகக் கேட்கிற பகுதியும் அதுதான். சப்வூஃபருக்கு மட்டும் ஃபோனை நம்பக் கூடாது. ஃபோன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. தாழ்சுருதியைக் காற்று இரைச்சலாக நினைத்து வெட்டிவிடும் ஃபோன்கள் ஏராளம். குறைவாகக் காட்டுகிறதே என்று சப்வூஃபரை ஏற்றினால் கீழ்வீட்டுக்காரர் மாடி ஏறி வருவார்.

மீட்டர் இருந்தால் அதில் சி என்ற நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏ கூடாது. ஏ நிலை காதின் இயல்பைப் பின்பற்றித் தாழ்சுருதியைக் கழித்துக் காட்டும். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல், 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபல் கழிந்துவிடும். சி நிலையில் 63இல் ஒரு டெசிபல்கூடக் கழிவதில்லை. முள் அல்லது எண் நிதானமாக நகரும் மெதுவான நிலையில் வைத்து, காது இருக்கும் உயரத்தில், முக்காலியில் மாட்டி, மைக்கைக் கூரை பார்க்க நிறுத்தி அளக்க வேண்டும். கையில் பிடித்தால் உடம்பே ஒரு சுவராகிக் குறுக்கே நிற்கும்.

தாம்பரத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெளிநாட்டுக் கையேடுகள் எதிலும் நான் பார்க்காதது. அது சீலிங் ஃபேன். ஃபேன் இரைச்சலையாவது பொறுத்துக்கொள்ளலாம். மைக்கின் மேல் மோதும் அதன் காற்று தாழ்சுருதியில் பொய்யான ஓர் உறுமலை உண்டாக்கிவிடும். சி நிலை அதை முழுசாகக் கணக்கில் சேர்க்கும். தானாகவே அளக்கும் ரிசீவர்கள் சுற்றுப்புறச் சத்தம் அதிகம் என்று நின்றுவிடுவதற்கு இது முக்கியக் காரணம். மே மாதமானாலும் அந்த அரைமணி நேரம் ஃபேனையும் ஏசியையும் அணைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். 1931இலிருந்து மின்சார ரயில் ஓடும் தடம் இது. ஜிஎஸ்டி சாலை தூங்குவதில்லை. பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் வீடுகளின் தலைக்கு மேல் மீனம்பாக்கத்து விமானங்கள் போகின்றன. பின்னிரவுதான் அளப்பதற்கு அமைதியான நேரம், ஆனால் அந்த நேரத்தில் சோதனை இரைச்சல் அக்கம்பக்கத்தை எழுப்பிவிடும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்க நேரமே இரண்டுக்கும் நடுவழி.

தானியங்கி முறைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்வி முழுமையாகாது. யமஹாவின் ஒய்பிஏஓ, டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் வரும் ஆடிஸி, ஸ்வீடனின் டிராக் என்று பல பெயர்களில் இருக்கின்றன. 1983இல் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்' காலத்தில் டிஎச்எக்ஸ் தியேட்டர் தரத்தை உருவாக்கிய டாம்லின்சன் ஹோல்மன்தான், பின்னர் ஆடிஸியை நிறுவியவர்களில் ஒருவர். தியேட்டருக்குள் இருந்த ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டுவர அவர் எடுத்த முயற்சி அது. ரிசீவருடன் வரும் சிறு மைக்கை ஆறு அல்லது எட்டு இடங்களில் வைத்தால் அளவு, தூரம், சுருதிச் சமன் மூன்றையும் அதுவே போட்டுக்கொள்ளும். அளவும் தூரமும் பெரும்பாலும் சரியாகவே வரும். முடிந்தபின் மெனுவைத் திறந்து எண்களைப் பார்க்கிற பழக்கம்தான் நம்மிடம் இல்லை. சப்வூஃபர் அளவு மைனஸ் 12 என்று அதன் கடைசி எல்லையில் நின்றால், சப்வூஃபரின் பின்பக்கத் திருகு அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது என்று பொருள். இறக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். சிறு புத்தக அலமாரி ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று அது பதிந்திருந்தால் 'ஸ்மால்' என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு விட்டுவிட வேண்டும். மைக்கை சோபாவின் முதுகில் சாய்த்து வைத்து அளந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த அளவு அந்த மெத்தைக்கு மட்டுமே பொருந்தும்.

தானியங்கி முறை தடுமாறுகிற இடம் தாழ்சுருதி. நம் வீடுகள் அதற்கு மிகக் கடினமான களம். தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ், நான்கு பக்கமும் பூசிய செங்கல் சுவர், மேலே கான்கிரீட். மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் கொண்ட அமெரிக்க வீட்டுச் சுவர் தாழ்சுருதியில் கொஞ்சம் அதிர்ந்து ஆற்றலைத் தின்னும். நம் சுவர் அப்படியே திருப்பி அனுப்பும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும் சுருதியில் ஒலி தேங்கி நிற்கும். முப்பது டிகிரி வெப்பத்தில் 15 அடிக்கு அது 38 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 48, 10 அடிக்கு 57. அகலமும் 10 அடி, உயரமும் 10 அடி என்றால் இரண்டும் ஒரே 57இல் குவிந்து, அந்தச் சுருதியில் வரும் ஒவ்வொரு டிரம் அடியும் வீங்கி ஒலிக்கும். அறையின் நடுவில் அதே சுருதி ஏறக்குறையக் காணாமல் போகும். சப்வூஃபர் 75 காட்டும்படி நேர்த்தியாக வைத்தபின்னும் இது தீராது, ஏனென்றால் அந்த 75 பல சுருதிகளின் சராசரி. 57இல் மேடும் 70இல் பள்ளமும் அதற்குள் ஒளிந்திருக்கும்.

ஜான் மல்காஹி உருவாக்கி இலவசமாகத் தரும் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருளும், ஒவ்வொன்றுக்கும் தனி அளவுத் திருத்தக் கோப்புடன் வரும் யூமிக்-1 போன்ற யுஎஸ்பி மைக்கும் இருந்தால் இந்த மேடு பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியும். மைக் வாங்க மனமில்லாதவருக்கும் வழி உண்டு. சப்வூஃபரைத் தூக்கி சோபாவில் உட்காரவைத்து, தாழ்சுருதி நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, தரையில் தவழ்ந்து சுவரோரமாகச் சுற்றிவர வேண்டும். எந்த இடத்தில் ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைக்கலாம். சுவரோடு ஒட்டிய சோபாவை ஓர் அடி முன்னே இழுத்தாலே தாழ்சுருதி வீக்கம் குறைவதை உணர முடியும். ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி நடத்திய ஆய்வு, ஒரு பெரிய சப்வூஃபரைவிட எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டு சிறியவை இருக்கைக்கு இருக்கை வேறுபாட்டைக் குறைக்கும் என்று காட்டியது. மேட்டை ஈக்வலைசரால் வெட்டலாம். பள்ளத்தை நிரப்ப முயல்வது ஆம்ப்ளிஃபயரின் சக்தியை வீணாக்குவதில்தான் முடியும்.

ரிசீவர் வாங்க வசதியில்லாதவர்களுக்கு இதெல்லாம் எட்டாது என்று நினைக்க வேண்டாம். ரிச்சி தெருவில் போர்டு வாங்கி ஊரிலேயே அசெம்பிள் செய்து தரும் 5.1 ஆம்ப்ளிஃபயர்கள் புறநகர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் ரிமோட் போர்டில் இருக்கும் பிடி2258 என்ற சில்லு ஆறு சேனல்களையும் ஒரு டெசிபல் படியில் தனித்தனியாக ஏற்றி இறக்கக்கூடியது. சமமாக்க அதைவிட நுணுக்கம் தேவையில்லை. அதில் சோதனை இரைச்சல் வராது. ஐந்து சேனலுக்கும் தனித்தனியாகப் பதிந்த பிங்க் நாய்ஸ் கோப்புகளை பென்டிரைவில் போட்டு ஓட்டினால் போதும். அசெம்பிள் செட் வைத்திருப்பவர்கள் இதைச் செய்வதுதான் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது, ஏனென்றால் அங்கே செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் மிகப் பெரியது.

அளவு சீரானபின் வால்யூம் எங்கே நிற்க வேண்டும் என்பதை வசனம் தீர்மானிக்கட்டும். எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசுகிற அளவில் வசனம் கேட்டால் அதுவே இடம். ஒரே எண் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நெட்ஃபிளிக்ஸ் வசனத்தின் சராசரி உரப்பை, டிஜிட்டல் உச்ச வரம்பிலிருந்து கணக்கிட்டு, மைனஸ் 27 என்று வரையறுத்திருக்கிறது. யூடியூப் மைனஸ் 14ஐத் தாண்டுவதை இறக்கி அந்த அளவின் அருகில் நிறுத்துகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது ஏற்படும் அதிர்ச்சிக்குக் காரணம் இதுதான், ஸ்பீக்கரில் குறை எதுவும் இல்லை. மெதுவாகக் கேட்கும்போது தாழ்சுருதி மறைவது காதின் இயல்பு. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் வரைந்து காட்டியது இன்று ஐஎஸ்ஓ 226 தரமாக இருக்கிறது. 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலுக்குச் சமமாகக் கேட்க 63 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 73 டெசிபல் வேண்டும். ஆடிஸியின் டைனமிக் ஈக்யூ போன்ற வசதி இதைத் தானே ஈடுகட்டும், ஆனால் 75க்குச் சீராக்கியிருந்தால்தான் அதன் கணக்கு பலிக்கும். வீட்டில் முழுத் துல்லியம் தேவைப்படுகிற ஒரே இடம் இது. ஃபேன் ஓடும் ஹாலில் வசனம் இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் சென்டர் ஸ்பீக்கரை மட்டும் 2 டெசிபல் ஏற்றிக்கொள்வதில் தவறில்லை. மூத்தவர்கள் இருக்கும் வீட்டில் அப்படித்தான் வைக்க வேண்டும் என்பேன்.

பக்கத்து வீட்டையும் இந்த அளவுக்குள் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தனியார் ஒலிக்கருவி தன் வீட்டு எல்லையில் அந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒலிக் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. ஆனால் இந்த விதி அளப்பது ஏ நிலையில். சுவரைத் துளைத்துப் போகும் 57 ஹெர்ட்ஸ் உறுமலில் இருபத்தைந்து டெசிபலுக்கு மேல் அந்த அளவு கழித்துவிடுகிறது. சட்டப்படி நீங்கள் சரியாக இருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை தூங்க முடியாமல் புரளலாம். ஆகவே இரவு பத்து மணிக்குப் பிறகு சப்வூஃபரை 6 டெசிபல் இறக்கி, ரிசீவரில் நைட் மோடைப் போடுவதுதான் முறை.

கடைக்காரர்களிடமும் பொருத்தித் தருபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு சாதாரண ஒலிமானியையும் ஒரு முக்காலியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவு, தூரம், சப்வூஃபர் திருகின் நிலை, அளந்தபோது ஃபேன் அணைந்திருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதி, வாரன்டி அட்டையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். வாங்குகிறவர்களும் அந்தத் தாளைக் கேட்டுப் பெற்ற பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.